ஒன்றியத்தைக் காக்கச் செய்த பேரங்கள்

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861-ல் தொடங்கியது. அதற்கு முந்தைய எழுபது ஆண்டு அடிமைமுறை அரசியலைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: அமெரிக்க அரசியல் சாசனம் அடிமைகளுக்கு "ஐந்தில் மூன்று வாக்கு" கொடுத்ததாகப் படித்தேன். அடிமைக்கு எப்படி வாக்கு?

வாக்கு கிடையாது. ஐந்தில் மூன்று என்பது தலைக்கணக்கில் மட்டும்தான். 1787-ல் பிலடெல்பியாவில் சாசனம் எழுதியவர்கள் பிரதிநிதிகள் சபை இடங்களை மக்கள்தொகைப்படி பிரிக்க முடிவு செய்தார்கள். அடிமைகளையும் முழுதாக எண்ண வேண்டும் என்று கேட்டது தென் மாநிலங்கள்தான். அவர்களை எண்ணவே கூடாது என்றவர்கள் வடக்கில் இருந்தார்கள். இதைக் கேட்கும் பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் இங்கே "முழு மனிதராக எண்ணுவது" என்றால் அந்த மனிதரை விலைக்கு வாங்கி வைத்திருந்தவரின் கைக்கு அதிக இடங்கள் போகும் என்று பொருள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாநிலத்தில் 3 லட்சம் சுதந்திர மக்களும் 2 லட்சம் அடிமைகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2 லட்சத்தில் ஐந்தில் மூன்று 1.2 லட்சம். ஆக அந்த மாநிலத்தின் கணக்கு 4.2 லட்சம். வாக்களிப்பவர்கள் 3 லட்சத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். இடம் மட்டும் 4.2 லட்சத்துக்குக் கிடைக்கிறது. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் எண்ணிக்கையும் இந்த இடங்களை ஒட்டியே அமைந்ததால், சலுகை அதிபர் தேர்தலுக்கும் போய்ச் சேர்ந்தது.

சாசனத்தில் இன்னும் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதை 1808-க்கு முன் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தடுக்க முடியாது. ஒரு மாநிலத்திலிருந்து தப்பியோடியவர் வேறு மாநிலத்துக்குப் போனாலும் விடுதலை ஆகமாட்டார், திருப்பித் தர வேண்டும். இத்தனைக்கும் "அடிமை" என்ற சொல் சாசனத்தின் மூல வாசகத்தில் ஓரிடத்தில்கூட இல்லை. "மற்ற நபர்கள்", "வேலைக்குக் கட்டுப்பட்ட நபர்" என்றே சுற்றி வளைத்து எழுதினார்கள். எழுதக் கூசியதைச் சட்டமாக்கக் கூசவில்லை.

கேள்வி: 1820 மிசூரி ஒப்பந்தத்தில் எதற்காக மாநிலங்களின் எண்ணிக்கையைச் சமமாக வைக்க அவ்வளவு பாடுபட்டார்கள்?

காங்கிரஸின் மேலவையான செனட்டுக்காக. அங்கே பெரிய மாநிலம், சிறிய மாநிலம் என்ற பேதமில்லாமல் ஆளுக்கு இரண்டு இடம். ஐந்தில் மூன்று கணக்கு இருந்தும், வடக்கின் மக்கள்தொகை வேகமாக வளர்ந்ததால் பிரதிநிதிகள் சபை தென்னவர் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. செனட்டில் பாதி இருந்தால் எந்த மசோதாவையும் நிறுத்தலாம். நீதிபதி நியமனம், வெளிநாட்டு உடன்படிக்கை எல்லாமே அந்த வாசலைத் தாண்டியாக வேண்டும்.

1819-ல் மிசூரி மாநிலமாகச் சேர விண்ணப்பித்தபோது, நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மேட்ஜ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மிசூரிக்குள் இனிப் புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது. மாநிலமான பிறகு பிறக்கும் அடிமைக் குழந்தைகள் 25 வயதில் விடுதலை பெற வேண்டும். பிரதிநிதிகள் சபை இதை ஏற்றது, செனட் தள்ளியது. அந்த ஆண்டு இறுதியில் அடிமை மாநிலங்கள் 11, அடிமைமுறை இல்லாத மாநிலங்கள் 11. மறுஆண்டு செய்த பேரம் இதுதான்: மிசூரி அடிமை மாநிலமாகவும், மாசச்சூசெட்ஸிலிருந்து பிரியும் மெய்ன் சுதந்திர மாநிலமாகவும் சேரும். 1803-ல் பிரான்ஸிடம் வாங்கிய லூசியானா நிலப்பரப்பில் 36 பாகை 30 கலை அட்சரேகைக்கு வடக்கே, மிசூரி நீங்கலாக, அடிமைமுறை கூடாது.

அதன்பின் ஜோடி ஜோடியாகவே சேர்த்தார்கள். ஆர்கன்சாஸ் 1836, மிச்சிகன் 1837. புளோரிடாவும் டெக்சாஸும் 1845-ல்; ஈடாக அயோவா 1846, விஸ்கான்சின் 1848. 15-க்கு 15. கலிபோர்னியா 1850-ல் தனியாக வந்து சேர்ந்ததும் சமன் முறிந்தது. 1860-ல் கணக்கு 18-க்கு 15.

பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம்: கோட்டுக்குத் தெற்கே அந்தப் பரப்பில் மிச்சம் இருந்த நிலம் கொஞ்சம்தான். வடக்கேயோ பரந்து கிடந்தது. எனவே இந்தச் சமநிலை தானாக நீடிக்க வழியே இல்லை. தென்னவர்கள் டெக்சாஸ், மெக்சிகோ, கியூபா என்று கண்ணை ஓட்டியதற்கு இது ஒரு காரணம். 1846-ல் மெக்சிகோவுடன் போர் தொடங்கிய சில மாதங்களிலேயே பென்சில்வேனியா உறுப்பினர் டேவிட் வில்மட், இந்தப் போரில் கிடைக்கும் எந்த நிலத்திலும் அடிமைமுறை கூடாது என்று திருத்தம் கொடுத்தார். பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது. அந்த வாக்கெடுப்பில் உறுப்பினர்கள் பெரும்பாலும் கட்சிவாரியாகப் பிரியவில்லை, வடக்கு–தெற்கு என்று பிரிந்தார்கள். நாடாளுமன்ற அரசியலில் இதைவிடக் கெட்ட சகுனம் வேண்டாம்.

கேள்வி: தென்னவர்களுக்குப் புதிய நிலம் ஏன் அவ்வளவு தேவைப்பட்டது? இருக்கும் இடத்திலேயே இருந்திருக்கலாமே?

செனட் கணக்கு ஒன்று. மற்றது பணம். 1793-ல் பருத்தி விதையைப் பிரிக்கும் எந்திரம் வந்தபின் அலபாமா, மிசிசிப்பி, லூசியானா பக்கம் பருத்தி பரவியது. ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் பருத்தியிலிருந்து வந்தது. 1808-ல் வெளிநாட்டு அடிமை இறக்குமதியைத் தடை செய்ததும் உள்நாட்டு விற்பனை கொழித்தது: 1790-க்கும் 1860-க்கும் இடையே வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து தெற்கே கொண்டுபோகப்பட்டவர்கள் ஏறக்குறைய 10 லட்சம் பேர் என்று வரலாற்றாய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் இன்னொரு பக்கம் என்று பிரித்து விற்றார்கள். புதுப் பருத்தி நிலம் திறந்தால் இந்தச் சந்தையில் விலை ஏறும், மூடினால் இறங்கும். பருத்தி பயிரிடாத வர்ஜீனியாப் பண்ணையாருக்கும் மேற்கு நிலத்தில் அக்கறை இருந்தது அதனால்தான்.

கேள்வி: பிரிட்டன் இழப்பீடு கொடுத்து அடிமைகளை விடுவித்ததே, அமெரிக்காவும் அப்படிச் செய்து போரைத் தவிர்த்திருக்கலாமே?

தொகையைப் பாருங்கள். பிரிட்டன் 1833 சட்டப்படி ஏறக்குறைய 8 லட்சம் பேருக்காக 2 கோடி பவுண்டு கொடுத்தது; அதுவும் உழைத்தவர்களுக்கு அல்ல, உடைமையாளர்களுக்கு. அமெரிக்காவில் 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அடிமைகள் 39,53,760 பேர். அவர்களுக்குச் சந்தையில் வைத்த விலை மொத்தம் 300 கோடி டாலருக்குக் குறையாது. நாட்டின் ரயில்பாதைகளிலும் தொழிற்சாலைகளிலும் போட்டிருந்த மூலதனத்தைக் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது. கூட்டாட்சி அரசின் 1860-ஆம் ஆண்டுச் செலவு சுமார் 6.3 கோடி டாலர். அரசு வேறெதற்கும் ஒரு காசு செலவழிக்காமல் இருந்தாலும் 47 ஆண்டு ஆகும்.

பணம் இருந்திருந்தாலும் விற்க ஆளில்லை. 1861 இறுதியில், போர் நடக்கும்போதே, அதிபர் லிங்கன் இப்படி ஒரு திட்டத்தை டெலவேருக்கு முன்வைத்தார். அங்கே அடிமைகள் 1,798 பேர்தான். அந்தச் சின்ன மாநிலமே மறுத்துவிட்டது. இழப்பீட்டு விடுதலை நடந்தது காங்கிரஸின் நேரடி ஆட்சியில் இருந்த வாஷிங்டன் நகரில் மட்டும், 1862 ஏப்ரலில்.

கேள்வி: வடக்கு முழுவதும் அடிமைமுறைக்கு எதிராக இருந்ததா?

இல்லை. அடிமைமுறையை உடனே ஒழிக்க வேண்டும் என்றவர்கள் வடக்கிலும் சிறுபான்மை, அதிலும் அடி வாங்கிய சிறுபான்மை. 1835-ல் பாஸ்டனில் வில்லியம் லாயிட் கேரிசனைக் கும்பல் கயிறு கட்டி இழுத்தது. 1837-ல் இல்லினாய் மாநிலத்து ஆல்டனில் பத்திரிகையாளர் எலைஜா லவ்ஜாய் தன் அச்சு எந்திரத்தைக் காக்கப் போய்ச் சுட்டுக் கொல்லப்பட்டார். 1838-ல் பிலடெல்பியாவில் ஒழிப்பியக்கத்தார் கட்டிய பென்சில்வேனியா மண்டபத்தைத் திறந்த சில நாளிலேயே எரித்தார்கள். இல்லினாய் 1853-ல் சுதந்திரமான கறுப்பினத்தவர்கூடக் குடியேறக் கூடாது என்று சட்டம் போட்டது. நியூயார்க் வணிகர்களும் மாசச்சூசெட்ஸ் நூற்பாலைகளும் தெற்கின் பருத்தியை நம்பி வாழ்ந்தன.

அப்படியிருந்தும் வடக்கின் மனநிலை மாறியதற்குப் பெரும் காரணம் தெற்கின் அதிகப்படியான கோரிக்கைகள்தான் என்பது எங்கள் கருத்து. 1836-ல் அடிமைமுறைக்கு எதிரான மனுக்களைப் படிக்காமலே ஒதுக்கிவைக்கும் விதியைப் பிரதிநிதிகள் சபை கொண்டுவந்தது. முன்னாள் அதிபரும் அப்போது சபை உறுப்பினருமான ஜான் குயின்சி ஆடம்ஸ் எட்டு ஆண்டு அதை எதிர்த்து நின்றார். 1844 டிசம்பரில் விதி நீக்கப்பட்டது. கறுப்பினத்தவரைப் பற்றிக் கவலைப்படாத வடக்கத்தியரும் "நாம் மனுப் போடக்கூட முடியாதா?" என்று கேட்கத் தொடங்கியது இந்த எட்டு ஆண்டுகளில்தான்.

கேள்வி: 1850-ன் தப்பியோடிய அடிமைகள் சட்டம் எப்படி நடைமுறையில் இருந்தது? அது ஏன் அவ்வளவு கொந்தளிப்பை உண்டாக்கியது?

முதலில் பின்னணி. கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்து மக்கள் குவிந்து, அது சுதந்திர மாநிலமாகச் சேர வந்தது. தெற்கோ அமெரிக்க ஒன்றியத்தைவிட்டு விலகுவோம் என்றது. கென்டக்கியின் ஹென்றி கிளே எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்த மசோதா 1850 ஜூலையில் தோற்றது. மூட்டையை எதிர்க்க இரு தரப்புக்கும் காரணம் இருந்தது, அதனால் விழுந்தது. இல்லினாயின் ஸ்டீபன் டக்ளஸ் அதைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெரும்பான்மை திரட்டிச் செப்டம்பருக்குள் நிறைவேற்றினார். கலிபோர்னியா சுதந்திர மாநிலம். யூட்டா, நியூ மெக்சிகோ பிரதேசங்களில் குடியேறுவோர் முடிவு செய்யட்டும். டெக்சாஸ் எல்லைக் கோரிக்கையை விட்டுக்கொடுக்க 1 கோடி டாலர். தலைநகரில் அடிமை விற்பனைக்குத் தடை. தெற்குக்குக் கிடைத்த பெரிய பங்கு தப்பியோடியோர் சட்டம். இதை "சமரசம்" என்று பாடநூல்கள் அழைத்தாலும், இரு தரப்பும் சேர்ந்து எதையும் ஏற்கவில்லை என்பது வாக்குப் பதிவுகளைப் பார்த்தாலே தெரியும்.

இனி நடைமுறை. உடைமையாளர் தன் ஊர் நீதிமன்றத்தில் "இன்ன அடையாளமுள்ள இன்னார் தப்பியோடிவிட்டார்" என்று சாட்சி சொல்லிச் சான்றிதழ் வாங்குவார். அவரோ அவருடைய முகவரோ அதை எடுத்துக்கொண்டு வடக்கே போவார். அங்கே கூட்டாட்சி ஆணையரிடம் பிடியாணை பெறலாம், இல்லையேல் தானே பிடித்து ஆணையர் முன் நிறுத்தலாம். தப்பியோடியதற்கு அந்தச் சான்றிதழே முடிவான ஆதாரம். ஆணையர் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நிற்பவர் அந்த ஆள்தானா? ஜூரி கிடையாது. பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்லவே முடியாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொன்னது. ஆணையருக்குக் கட்டணம்: ஒப்படைத்தால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். ஒப்படைக்கும்போது எழுத்து வேலை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். நீதி சொல்பவருக்கு ஒரு பக்கத் தீர்ப்புக்கு இரட்டைக் கூலி என்பதை எந்தக் காரணமும் மறைக்காது.

தப்ப உதவினால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. போதாததற்கு, தப்பவிட்ட ஒவ்வொருவருக்கும் உடைமையாளருக்கு 1,000 டாலர் நஷ்டஈடு. காவலிலிருந்து ஒருவர் தப்பினால் அவரைக் காவலில் வைத்திருந்த மார்ஷலே (கூட்டாட்சிக் காவல் அதிகாரி) அவருடைய முழு விலையையும் கட்ட வேண்டும். தெருவில் நிற்பவரையும் "வா, பிடி" என்று கூப்பிட அதிகாரிக்கு உரிமை. வராமல் இருப்பது குற்றம். கொதிப்பு எழுந்தது இந்த இடத்தில். அடிமைமுறையைக் கண்ணால் பார்க்காத ஊர்க்காரனையும் சட்டம் வேட்டைக்கு இழுத்தது. சுதந்திரமாகப் பிறந்த கறுப்பினத்தவருக்கோ ஆள் மாறிப் பிடிபட்டால் தப்ப வழியில்லை. சட்டம் பழைய தப்பித்தல்களுக்கும் பொருந்தியதால் பல ஆண்டாக வடக்கில் குடும்பத்தோடு வாழ்ந்தவர்களும் கனடாவுக்குப் பெயர்ந்தார்கள்.

1854 மே மாதம் பாஸ்டனில் ஆன்டனி பர்ன்ஸ் பிடிபட்டார். அவரை மீட்க நீதிமன்றக் கட்டடத்தைத் தாக்கியதில் காவலர் ஒருவர் இறந்தார். அதிபர் பியர்ஸ் படையினரைக் கொண்டு காவல் போட்டார். ஜூன் 2-ஆம் தேதி, கறுப்புத் துணி தொங்கவிட்ட தெருக்கள் வழியாக, படை சூழ ஒரே ஒரு மனிதரைக் கப்பலுக்கு நடத்திப்போனார்கள். மறுஆண்டு பாஸ்டன் மக்கள் பணம் திரட்டி அவரை விலைக்கு வாங்கி விடுவித்தார்கள். மாசச்சூசெட்ஸ் உடனே, தன் அதிகாரிகள் இந்தச் சட்டத்துக்கு உதவக் கூடாது என்று தனிச் சட்டம் இயற்றியது. விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் கூட்டாட்சிச் சட்டமே செல்லாது என்றது. 1859-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

எத்தனை பேர் தப்பினார்கள்? 1850 கணக்கெடுப்பில் உடைமையாளர்கள் சொன்னபடி அந்த ஓராண்டில் 1,011 பேர். மொத்த அடிமைகள் 32 லட்சம். எண்ணிக்கை சிறிது. ஆனால் தப்பி வந்த ஒவ்வொருவரும் அடிமைகள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்ற தெற்கின் வாதத்தை உடைத்தார்கள். 1838-ல் தப்பிய ஃப்ரெடரிக் டக்ளஸ் மேடையேறிப் பேசியபோது, கேட்டவர்கள் அதற்குப் பிறகு அந்த வாதத்தை நம்பவில்லை. வாஷிங்டனில் பேரம் பேசிய மேசையில் இவர்களுக்கு இடமில்லை. ஆனாலும் அந்தப் பேரங்கள் நிலைக்காமல் போனதற்கு இவர்களுடைய கால்கள் ஒரு காரணம்.

கேள்வி: "மக்களே முடிவு செய்யட்டும்" என்பது ஜனநாயகமானதுதானே? கான்சாஸில் ஏன் ரத்தக்களறி ஆயிற்று?

கேட்க நன்றாக இருக்கும் திட்டம். எழுதிய விதத்திலேயே ஓட்டைகள். 1854 மே 30-ல் கையெழுத்தான கான்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் 1820-ன் அட்சரேகைக் கோட்டை ரத்து செய்து, முடிவைக் குடியேறுவோரிடம் விட்டது. பிரதிநிதிகள் சபையில் 113-க்கு 100. ஸ்டீபன் டக்ளஸுக்கு மேற்கே ரயில்பாதை போக வேண்டும், அதற்கு அந்தப் பிரதேசத்தில் ஓர் அரசு வேண்டும், அதற்குத் தென் செனட்டர்களின் வாக்கு வேண்டும். விலை, அந்தக் கோடு.

ஓட்டை ஒன்று: எப்போது முடிவு செய்வது? முதல் சட்டமன்றம் கூடியவுடனேயா, மாநிலமாகும் நாளிலா? சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. வடக்கு ஜனநாயகக் கட்சியினர் முதலாவது என்றார்கள். தெற்கினர் இரண்டாவது என்றார்கள். இரு பக்கமும் தமக்கு வேண்டிய பொருளில் வாக்களித்தார்கள். ஓட்டை இரண்டு: யார் குடியிருப்பவர்? "உண்மையில் வசிப்பவர்" என்று இருந்ததே தவிர இத்தனை மாதம் வசித்திருக்க வேண்டும் என்றில்லை. மிசூரி எல்லை பக்கத்திலேயே இருந்தது.

1855 மார்ச் 30 தேர்தலுக்குச் சற்று முன் எடுத்த கணக்கில் தகுதியுள்ள வாக்காளர்கள் ஏறக்குறைய 2,900 பேர். பதிவான வாக்குகள் 6,300-க்கு மேல். மிசூரியிலிருந்து ஆயுதத்தோடு வந்து வாக்குப் போட்டுத் திரும்பிப் போனார்கள். பிறகு விசாரித்த பிரதிநிதிகள் சபைக் குழு ஏறக்குறைய 5,000 வாக்குகள் கள்ள வாக்குகள் என்று கண்டது. அப்படி வந்த சட்டமன்றம், இந்தப் பிரதேசத்தில் அடிமை வைத்திருக்க உரிமையில்லை என்று சொல்வதையே இரண்டாண்டுக்குக் குறையாத சிறைக் குற்றமாக்கியது. எதிர்த் தரப்பு டொபீகாவில் போட்டி அரசு அமைத்தது. அந்தத் தரப்பையும் புனிதமாக்கிவிட வேண்டாம்: அவர்களும் வாக்கெடுப்பு நடத்திச் சுதந்திரமான கறுப்பினத்தவர் கான்சாஸில் குடியேறக் கூடாது என்று தீர்மானித்தார்கள். தங்கள் உழைப்புக்குப் போட்டியாக அடிமை உழைப்பு வரக் கூடாது என்பதே அவர்களில் பலருடைய நோக்கம்.

1856 மே மாதத்தில் ஒரே வாரத்தில் மூன்று நிகழ்ச்சிகள். 21-ஆம் தேதி அடிமைமுறை ஆதரவாளர்கள் லாரன்ஸ் ஊரைச் சூறையாடினார்கள். 22-ஆம் தேதி, கான்சாஸ் பற்றிக் கடுமையாகப் பேசிய செனட்டர் சார்ல்ஸ் சம்னரைத் தென் கரோலினா உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ் செனட் அவைக்குள்ளேயே கைத்தடியால் அடித்துச் சாய்த்தார்; சம்னர் முழுதாகப் பணிக்குத் திரும்ப மூன்று ஆண்டுக்கு மேலாயிற்று. 24-ஆம் தேதி இரவு அடிமைமுறை எதிர்ப்பாளரான ஜான் பிரவுனின் கூட்டம் பொட்டவாட்டமி ஓடைக்கரையில் ஐந்து பேரை வெட்டிக் கொன்றது.

1857-ல் லெகாம்ப்டனில் அடிமைமுறை ஆதரவாளர்கள் எழுதிய அரசியல் சட்டத்தை முழுதாக ஏற்கவோ தள்ளவோ மக்களுக்கு வாய்ப்பே தரவில்லை. "அடிமைமுறையோடு" அல்லது "அடிமைமுறை இல்லாமல்" என்று மட்டும் கேட்டார்கள்; இரண்டாவதைத் தேர்ந்தாலும் ஏற்கெனவே அங்கிருந்த அடிமைகள் அடிமைகளே. எதிர்த் தரப்பு புறக்கணித்தது. 1858 ஜனவரியில் முழுச் சட்டத்தின் மீது வாக்கெடுத்தபோது 10,226 பேர் எதிர்த்தார்கள். இம்முறை அடிமைமுறை ஆதரவாளர்கள் வரவில்லை. அதற்குப் பிறகும் அதிபர் புக்கானன் அந்தச் சட்டத்தை ஏற்கச் சொல்லி வற்புறுத்தினார். ஸ்டீபன் டக்ளஸ் தன் கட்சி அதிபரையே எதிர்த்தார். ஆகஸ்டில் நடந்த மறுவாக்கெடுப்பில் 1,788-க்கு 11,300 என்று தோற்றது. ஜனநாயகக் கட்சி உடையத் தொடங்கியது இங்கேதான்.

கேள்வி: டிரெட் ஸ்காட் தீர்ப்பை ஏன் இவ்வளவு மோசமான தீர்ப்பு என்கிறார்கள்?

ராணுவ மருத்துவர் ஒருவரின் அடிமையாக இல்லினாயிலும், 1820 கோட்டுக்கு வடக்கே ஸ்னெல்லிங் கோட்டையிலும் வாழ்ந்தவர் டிரெட் ஸ்காட். சுதந்திர மண்ணில் வாழ்ந்ததால் விடுதலை பெற்றேன் என்று 1846-ல் செயின்ட் லூயிஸில் வழக்குப் போட்டார். 1857 மார்ச் 6-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று தள்ளியது. தலைமை நீதிபதி டேனி, கறுப்பினத்தவர் சுதந்திரமானவராக இருந்தாலும் அமெரிக்கக் குடிமகன் ஆக முடியாது, ஆகவே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கே போட முடியாது என்றார். அங்கே நிறுத்தியிருக்கலாம். மேலும் போய், பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுக்கக் காங்கிரஸுக்கே அதிகாரமில்லை, அது சொத்துரிமையைப் பறிப்பது என்றார். மூன்று ஆண்டுக்கு முன்பே ரத்தான அட்சரேகைக் கோட்டைச் செத்த பாம்பாக நினைத்து அடித்ததல்ல அது. 1854-ல் பிறந்த குடியரசுக் கட்சியின் முக்கியக் கொள்கையே பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுப்பது. அந்தக் கொள்கையையே சட்டவிரோதம் என்று அறிவித்தது தீர்ப்பு.

புக்கானன் பதவியேற்பு உரையில், பிரச்சினையை நீதிமன்றம் விரைவில் தீர்க்கும், எல்லோரும் பணிய வேண்டும் என்றார். தீர்ப்பு வரும் முன்பே அவர் நீதிபதிகளுடன் கடிதத் தொடர்பில் இருந்தது பின்னர் வெளிவந்தது. ஸ்காட் குடும்பத்தை அதே ஆண்டு மே மாதம் புதிய உடைமையாளர் விடுவித்தார். மறுஆண்டு ஸ்காட் இறந்தார்.

கேள்வி: 40 சதவீதம்கூட வாக்கு வாங்காத லிங்கன் எப்படி அதிபரானார்? எதிரிகள் பிரிந்ததால்தானே?

பிரிவு உண்மை. தேர்வாளர் கணக்கு அதைவிட முக்கியம்.

1858-ல் இல்லினாயின் செனட் இடத்துக்குப் போட்டியிட்ட குடியரசுக் கட்சியின் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் நடத்திய ஏழு விவாதங்களில் ஒன்றில், டிரெட் ஸ்காட் தீர்ப்புக்குப் பிறகு மக்கள் அடிமைமுறையைத் தடுக்க வழி உண்டா என்று லிங்கன் கேட்டார். உண்டு, உள்ளூர்க் காவல் சட்டம் இயற்றாமல் விட்டால் அடிமைமுறை ஒருநாள்கூட நிற்காது என்றார் ஸ்டீபன் டக்ளஸ். இந்தப் பதில் அவருக்கு இல்லினாயில் செனட் இடத்தைக் காத்தது, தெற்கில் பகையைச் சேர்த்தது. 1860 ஏப்ரலில் சார்ல்ஸ்டனில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில், பிரதேசங்களில் அடிமைச் சொத்தைக் கூட்டாட்சி அரசே பாதுகாக்க வேண்டும் என்று தெற்கு கேட்டது. கிடைக்கவில்லை, வெளிநடப்பு. 57 முறை வாக்கெடுத்தும் வேட்பாளர் தேறவில்லை. கடைசியில் அந்தக் கட்சிக்கு இரண்டு வேட்பாளர்கள்: வடக்குக்கு ஸ்டீபன் டக்ளஸ், தெற்குக்குப் பிரெக்கின்ரிட்ஜ். லிங்கனையும் சேர்த்தால் ஜான் பெல் நான்காமவர்.

அன்று வாக்குச்சீட்டை அரசு அச்சிடாது. கட்சி அச்சிட்டுக் கொடுக்கும். கட்சிக்காரர் இல்லாத ஊரில் சீட்டும் இல்லை. பின்னாளில் பிரிந்த 11 மாநிலங்களில் வர்ஜீனியா தவிர மற்ற பத்தில் லிங்கனுக்கு ஒரு வாக்கும் பதிவாகவில்லை. மொத்தத்தில் 39.8 சதவீதம். தேர்வாளர் வாக்குகள் 303-ல் லிங்கன் 180, பிரெக்கின்ரிட்ஜ் 72, பெல் 39. மக்கள் வாக்கில் இரண்டாவதாக வந்த டக்ளஸுக்கு வெறும் 12. வெல்ல 152 போதும். மற்ற மூவரின் வாக்குகளையும் ஒருவருக்கே கூட்டிப் பார்த்தாலும் லிங்கன் இழப்பது கலிபோர்னியா, ஓரிகன், நியூ ஜெர்சியின் ஒரு பகுதி, ஆக 11 தேர்வாளர்கள். அப்போதும் 169. தெற்கை நடுங்கவைத்தது இந்தக் கணக்குதான்: தங்கள் மாநிலத்தில் ஒரு வாக்கும் வாங்காமல் ஒருவர் நாட்டை ஆள முடியும்; இனி எப்போதும் முடியும்.

கேள்வி: போர் மாநில உரிமைக்காகவும் சுங்க வரிக்காகவும் நடந்தது, அடிமைமுறைக்காக அல்ல என்று சிலர் வாதிடுகிறார்களே?

பிரிந்தவர்கள் தங்கள் கையால் எழுதியதைப் படித்தால் போதும். மிசிசிப்பியின் பிரகடனம், தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுதாக ஒன்றிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. தென் கரோலினாவின் பிரகடனத்தில் முதன்மைக் குற்றச்சாட்டு, வட மாநிலங்கள் தப்பியோடியோரைத் திருப்பித் தர மறுக்கின்றன என்பது. கவனியுங்கள்: வட மாநிலங்கள் தங்கள் மாநில உரிமையைப் பயன்படுத்தியது அங்கே குற்றமாகிறது. 1850-ன் சட்டத்தில் கூட்டாட்சியின் கை நீள வேண்டும் என்று கேட்டதும் தெற்குதான். பிரிந்த மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21-ல் சவானாவில் பேசும்போது, கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்றார். கூட்டமைப்பின் அரசியல் சாசனம் அடிமைச் சொத்துரிமையைப் பறிக்கும் சட்டத்தைத் தன் காங்கிரஸுக்குத் தடை செய்தது. அதன் பிரதேசங்களில் அடிமைமுறையைக் கட்டாயமாக்கியது.

வரிச் சண்டை உண்மையில் நடந்தது, ஒரு தலைமுறைக்கு முன்பு. 1832 நவம்பரில் தென் கரோலினா சுங்க வரிச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று தீர்மானித்தது. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன், தானே அடிமைகளை வைத்திருந்தவர், அதைத் துரோகம் என்று கண்டித்துப் படை அனுப்பும் அதிகாரத்தைக் காங்கிரஸிடம் வாங்கினார். 1833-ல் வரியைப் படிப்படியாகக் குறைத்துச் சமாதானம் ஆனது. வேறெந்த மாநிலமும் அன்று தென் கரோலினாவோடு சேரவில்லை. 1857-ன் சுங்க வரியோ தெற்கின் ஆதரவோடு குறைக்கப்பட்டது. வரியை உயர்த்திய மாரில் சட்டம் செனட்டில் தேறியது, பிரிந்த மாநிலங்களின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் எழுந்துபோன பிறகு.

கேள்வி: கடைசி நேரத்தில் யாரும் தடுக்கப் பார்க்கவில்லையா?

பார்த்தார்கள். தென் கரோலினா 1860 டிசம்பர் 20-ல் 169-க்கு 0 என்று விலகியது. பிப்ரவரி தொடக்கத்துக்குள் இன்னும் ஆறு. புக்கானன், விலக மாநிலத்துக்கு உரிமையில்லை, தடுக்க எனக்கு அதிகாரமில்லை என்றார். கென்டக்கியின் ஜான் கிரிட்டென்டன், பழைய 36 பாகை 30 கலைக் கோட்டைப் பசிபிக் வரை நீட்டலாம், தெற்கே இனி வாங்கும் நிலத்துக்கும் அது பொருந்தும் என்றார். லிங்கன் தன் கட்சியினருக்கு எழுதிய கடிதங்களில், அடிமைமுறை பரவும் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று உறுதியாக நின்றார். "இனி வாங்கும் நிலம்" என்றால் கியூபாவையும் மெக்சிகோவையும் பிடிக்க ஊக்கம் கொடுப்பதாகும் என்பது அவர் அச்சம்.

அதே சமயம், ஏற்கெனவே உள்ள மாநிலங்களில் அடிமைமுறையைக் காங்கிரஸ் எக்காலத்திலும் தொடாது என்ற சாசனத் திருத்தத்தை 1861 மார்ச் தொடக்கத்துக்குள் இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு நிறைவேற்றின. லிங்கன் பதவியேற்பு உரையில் ஆட்சேபம் இல்லை என்றார். ஒன்றியத்தைக் காக்க அவ்வளவு தூரம் போகத் தயாராக இருந்தார்கள். பிரிந்த ஏழும் திரும்பிப் பார்க்கவில்லை. இருக்கும் இடத்தில் பாதுகாப்பு மட்டும் அவர்களுக்குப் போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எங்களுக்குத் தெரியவில்லை. ஏப்ரல் 12 விடியற்காலை 4.30-க்குச் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் சம்டர் கோட்டை மீது பீரங்கி வெடித்தது. 15-ஆம் தேதி லிங்கன் 75,000 பேர் கொண்ட படையைக் கேட்டதும் வர்ஜீனியா, ஆர்கன்சாஸ், வட கரோலினா, டென்னசி நான்கும் பிரிந்தன.

கேள்வி: எல்லா அடிமை மாநிலங்களும் பிரிந்தனவா?

15-ல் 11 மட்டும். டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி நான்கும் ஒன்றியத்தில் நின்றன. முதலில் பிரிந்த ஏழில் மக்கள்தொகையில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் அடிமைகள். இந்த நான்கில் ஏழில் ஒரு பங்கு அளவே. வர்ஜீனியாவின் மலைப்பகுதி மாவட்டங்கள் தாய் மாநிலத்திலிருந்து பிரிந்து 1863-ல் மேற்கு வர்ஜீனியாவாக ஒன்றியத்தில் சேர்ந்தன. நின்ற நான்கில் மேரிலாந்து 1864-லும் மிசூரி 1865 ஜனவரியிலும் தாமாகவே அடிமைமுறையை ஒழித்தன. கென்டக்கியிலும் டெலவேரிலும் போர் முடிந்த பிறகும் அது நீடித்து, 1865 டிசம்பரில் 13-ஆம் சாசனத் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோதுதான் முடிந்தது.